பண்டிகைப் பலகாரமும் பல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டிகை வாரத்தில் "இனிப்பைத் தொடாதே" என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எதை, எப்போது, எத்தனை தடவை சாப்பிடுகிறோம், சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பல் கெடாமல் இருக்க இனிப்பை அறவே விட வேண்டுமா?

வேண்டாம். சொத்தையைப் பொறுத்தவரை, நீங்கள் தின்ற அளவைவிட எத்தனை தடவை வாயில் போட்டீர்கள் என்பதே பெரிய கணக்கு.

பல்லின் மேல் எந்நேரமும் ஒரு மெல்லிய பிசுபிசுப்பான படலம் இருக்கும். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் தட்டுப்படுமே, அதுதான். அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அவை அதை அமிலமாக மாற்றிவிடும். படலத்தின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கியதும் பல்லின் வெளிப்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தை முறிக்கும், இழந்த தாதுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்கும். பி.எச். மறுபடி ஏற ஆளைப் பொறுத்து 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீஃபன் 1940களில் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து காட்டினார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை ஸ்டீஃபன் வளைகோடு என்றுதான் படிக்கிறார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நான்கு இனிப்பு சாப்பிட்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே நான்கை 10 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று, 12க்கு ஒன்று, 1 மணிக்கு ஒன்று என்று தின்றால் நான்கு தாக்குதல். எச்சில் வேலையை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வயிற்றுக்குப் போன சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான்.

அதனால் விருந்து இலையைவிட, கூடத்து மேஜையில் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் தட்டைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. கையில் எடுத்ததே நினைவிருக்காது. தட்டை மூடி அலமாரியில் வைப்பது பாதி வைத்தியம்.

"தடவைதான் முக்கியம்" என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் அது வந்த வழி பெருமைப்படக்கூடியதல்ல. சுவீடனில் லுண்ட் நகரின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1940களில் அறிவுத்திறன் குறைபாடுள்ள நோயாளிகளுக்கு வெவ்வேறு விதமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையிடையே, பல்லில் ஒட்டும் டாஃபியைத் தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. சம்மதம் தர இயலாதவர்களின் பல்லை வேண்டுமென்றே கெடுத்த ஆய்வு அது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. முடிவு மட்டும் எல்லோர் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

எந்தப் பலகாரம் பல்லுக்கு ரொம்ப மோசம்?

ஒட்டிக்கொள்வதும், வாயில் நெடுநேரம் ஊறுவதும். டாஃபி, ஜெல்லி மிட்டாய், உலர்பழங்கள் முதல் வகை. சப்பிச் சாப்பிடும் கெட்டி மிட்டாய், குச்சி மிட்டாய் இரண்டாவது வகை. மிட்டாய் சின்னதுதான், ஆனால் அது கரைகிற பத்து நிமிடமும் பல் சர்க்கரைத் தண்ணீரில் நனைந்துகொண்டே இருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சாப்பிட்டு ஐந்து நிமிடம் கழித்து நாக்கின் நுனியைக் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் ஓட்டுங்கள். அங்கே உள்ள பள்ளங்களில் இன்னும் மாவு மாதிரி, பசை மாதிரி ஏதாவது தட்டுப்படுகிறதா? அந்தப் பலகாரத்தைச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள், தனியாகக் கொறிக்க வேண்டாம். சாக்லேட் வாயில் உருகிச் சீக்கிரம் இறங்கிவிடுவதால், டாஃபியோடு ஒப்பிட்டால் பரவாயில்லை ரகம்.

நான் இனிப்பே தொடுவதில்லை, காரம் மட்டும்தான். எனக்குப் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. மாவுப் பண்டம், சிப்ஸ், பிஸ்கட் எல்லாம் வாயில் கூழாகிப் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி அந்த மாவுச்சத்தை அங்கேயே சர்க்கரையாக உடைத்துவிடும். இனிப்பு தின்றவர் வாய் கொப்பளிப்பார், காரம் தின்றவருக்கு அந்த நினைப்பே வராது. அங்கேதான் அவர் மாட்டிக்கொள்கிறார்.

தேன், பழுப்புச் சர்க்கரை சேர்த்தால் பல்லுக்கு நல்லதுதானே?

பாக்டீரியாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சாப்பிட்டதும் உடனே பல் துலக்கிவிட்டால் போதுமா?

நல்ல எண்ணம்தான், நேரம்தான் தப்பு. புளிப்பான பானமோ பழமோ சாப்பிட்டவுடன் எனாமலின் மேற்பரப்பு சற்று இளகியிருக்கும். அந்த நேரத்தில் பிரஷ்ஷால் தேய்த்தால் இளகியதைத் தேய்த்தே எடுத்துவிடுவீர்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். அதுவரை வெறும் தண்ணீரை வாயில் விட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். விருந்து வீட்டில் இதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது, தேவையும் இல்லை.

வாந்தி எடுத்த பிறகும் இதே விதிதான். வயிற்று அமிலம் குளிர்பானத்தைவிடக் கடுமையானது. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, பிரஷ்ஷைப் பிறகு எடுங்கள்.

குளிர்பானமும் ஜூஸும் அவ்வளவு கெடுதலா?

பல்லைப் பொறுத்தவரை தட்டில் உள்ளதைவிட கிளாஸில் உள்ளதுதான் பல வீடுகளில் பெரிய வில்லன். கோலா பானத்தின் பி.எச். சுமார் 2.5. எனாமல் கரையத் தொடங்கும் அளவு 5.5 என்று மேலே பார்த்தோம். அதாவது பாக்டீரியா அமிலம் தயாரிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, பானமே அமிலத்தோடுதான் வருகிறது. 330 மில்லி கேன் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. தேனிலும் பழச்சாறிலும் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும்.

"ஜீரோ சுகர்" பாட்டிலில் சர்க்கரை இல்லை, அமிலம் அப்படியே இருக்கிறது. சொத்தை வராது, ஆனால் அமிலம் எனாமலை அரிக்கும்.

குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், சாப்பாட்டோடு குடித்து முடித்துவிடுங்கள். ஒரு கிளாஸை இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவதுதான் ஆபத்து. ஸ்ட்ரா உதவும், அதன் நுனி முன்பல்லுக்குப் பின்னால் போனால் மட்டும். வாயில் வைத்துக் குலுக்கிக் குமிழி விட்டு விழுங்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். சுவை சேர்க்காத வெறும் சோடா இவற்றோடு ஒப்பிட்டால் சாது.

மதுபானத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: வாயை வறட்டிவிடும். எச்சில்தான் காவலாளி என்றால், அவரை வெளியே அனுப்பிவிட்டு இனிப்புக் கலவையை உள்ளே விடுகிறோம். இடையிடையே தண்ணீர் குடியுங்கள். அலர்ஜி, ரத்த அழுத்தம், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் பண்டிகை நாட்களில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

விருந்தின் கடைசியில் எதைச் சாப்பிட்டால் பல்லுக்கு நல்லது?

சீஸ் ஒரு துண்டு. மெல்லும்போது எச்சில் ஊறும், அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அமிலத்தின் வேகத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை 20 நிமிடம் மெல்லலாம். ஸைலிட்டால் கலந்தது இன்னும் நல்லது, அந்தச் சர்க்கரை மாற்றைச் சொத்தைக் கிருமிகளால் அமிலமாக்க முடியாது. வீட்டில் நாய் இருந்தால் அந்தப் பாக்கெட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். நமக்கு நல்லதான ஸைலிட்டால் நாய்க்கு விஷம்.

இரவு தாமதமாகச் சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டால்?

ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கறாராக இருக்க முடியும் என்றால், அது இந்த இரவுத் துலக்கலாக இருக்கட்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். பகலில் ஒரு மணி நேரத்தில் மீளும் பல், இரவில் மீளவே வழியின்றி விடிய விடிய அமிலத்தில் கிடக்கும்.

ஃப்ளோரைடு உள்ள பற்பசை, மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம். பெரியவர்களுக்கான பற்பசையில் ஃப்ளோரைடு 1,000 முதல் 1,500 பி.பி.எம். வரை இருக்க வேண்டும், டியூபின் பின்பக்கம் போட்டிருக்கும். முடித்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு அலசாதீர்கள். பலருக்கு இது பிடிப்பதில்லை, வாய் கழுவாமல் எப்படி என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் அலசும்போது காசு கொடுத்து வாங்கிய ஃப்ளோரைடும் சிங்கோடு போய்விடுகிறது. மவுத்வாஷ் பயன்படுத்துபவர்கள் அதை வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு பற்பசை, மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவு. தேய்த்துவிடுவது பெரியவர்கள் வேலை.

பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதை எடுக்க எது நல்லது?

ஃப்ளோஸ் என்ற பல்லிடுக்கு நூல், அல்லது பல்லிடுக்குப் பிரஷ். ஊக்கு, தீக்குச்சி, விசிட்டிங் கார்டின் மூலை எதுவும் வேண்டாம்.

பாப்கார்ன் தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மெல்லிய மஞ்சள் தோல், நகத்தின் வடிவில் வளைந்திருப்பது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு நாளில் அந்த இடம் மட்டும் சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் கசியும். ஃப்ளோஸை நேராக அழுத்தாமல், பல்லைச் சுற்றி ஆங்கில "C" போல வளைத்து, பல்லை ஒட்டியே ஈறுக்குள் மெல்ல இறக்கி மேலே இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். பிறகு இளஞ்சூடான உப்புத் தண்ணீரால் கொப்பளியுங்கள். வரவில்லை, வீக்கம் கூடுகிறது என்றால் நோண்ட வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கடினமான பண்டங்களைக் கடிக்கலாமா?

எனாமல்தான் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் கடினமானது வளையாது, விரிசல் விடும். கொட்டை ஓட்டை உடைக்க, பாட்டில் மூடி திறக்க, ஐஸ் கட்டியை நொறுக்கப் பல்லைப் பயன்படுத்தக் கூடாது. பெரிய ஃபில்லிங் போட்ட பல்லும், ரூட் கெனால் செய்து கேப் போடாமல் விட்ட பல்லும்தான் முதலில் உடையும்.

கடிக்கும்போது சும்மா இருந்துவிட்டு, கடித்ததை விடும் நொடியில் சுரீர் என்று வலித்தால் பல்லில் கீறல் இருக்கலாம். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. அந்தப் பக்கம் மெல்லாமல், சீக்கிரம் காட்டிவிடுங்கள்.

கிளிப், அலைனர், பல் செட் போட்டிருப்பவர்கள்?

கிளிப் போட்டவர்களுக்கு ஒட்டுவதும் கடினமானதும் இரண்டும் பகை. ஒன்று கம்பியை இழுக்கும், மற்றது பிராக்கெட்டைப் பெயர்க்கும். பண்டிகை நேரத்தில் பெயர்ந்தால் ஒட்டித்தர ஆள் கிடைப்பதும் சிரமம்.

அலைனரை, அதாவது பல்லை நேராக்கப் போடும் கழற்றக்கூடிய உறையை, கழற்றிவிட்டுச் சாப்பிடுங்கள், பானம் குடிக்கும்போதும் கழற்றுங்கள். போட்டபடியே இனிப்பான பானத்தைக் குடித்தால் அது அலைனருக்குள் குளம் கட்டி நிற்கும், எச்சில் உள்ளே போக வழியிருக்காது. கழற்றியதைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எச்சிலையோடு குப்பைக்குப் போய்விடும். அதற்கான டப்பியில்தான் வைக்க வேண்டும்.

பல் செட் உள்ளவர்கள் முன்பல்லால் கடிக்காமல், சின்னத் துண்டுகளாக்கி இரண்டு பக்கமும் மென்றால் செட் ஆடாது. இம்பிளான்ட்டுக்கு (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) சொத்தை வராது என்பது உண்மைதான். சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும், எனவே அதையும் மற்ற பல் போலவே துலக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு வருகிறவர்கள் எல்லாம் மிட்டாய் கொடுக்கிறார்களே?

கொடுப்பவரிடம் சண்டை போட வேண்டாம். வாங்கியதை ஒரு டப்பாவில் போட்டு வை, சாப்பாடு முடிந்ததும் நீயே தேர்ந்தெடு என்று குழந்தையிடம் சொல்லுங்கள். தடை செய்தால் ஒளித்துத் தின்பார்கள், வரிசைப்படுத்தினால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். பாட்டிலில் ஜூஸ் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க விடுவது மட்டும் எந்த நாளிலும் கூடாது. மேல்முன்பற்கள் வரிசையாகக் கறுத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

விளையாடும்போது பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால்?

முதலில், அது பால் பல்லா நிலையான பல்லா என்று பாருங்கள். பால் பல்லைத் திருப்பிப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் பல்லுக்கு அடிபடும்.

நிலையான பல் என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரில் கை படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசுங்கள், இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில நொடி. தேய்க்க வேண்டாம், சோப்பு வேண்டாம். முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்பச் செருகி, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தைரியம் வரவில்லையா? ஒரு கிளாஸ் குளிர்ந்த பாலில் பல்லைப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், உலரவும் விடாதீர்கள். வேரின் மேலுள்ள உயிரணுக்கள் செத்துப்போகும். அரை மணி நேரத்துக்குள் பொருத்தினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ராத்திரி பல்வலி, எல்லாக் கிளினிக்கும் மூடியிருக்கிறது. என்ன செய்வது?

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளித்து, ஃப்ளோஸ் போட்டு ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் அவ்வளவுதான் விஷயம். இல்லையென்றால் கன்னத்தின் வெளிப்பக்கம் ஐஸ் ஒத்தடம், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் சாதாரண வலி மாத்திரை. தலையை உயர்த்திப் படுத்தால் துடிப்பு குறையும். மாத்திரையை விழுங்குங்கள். ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மறுநாள் ஈறு வெந்து வெள்ளையாகியிருக்கும். போன வருஷம் மிச்சமான ஆன்டிபயாடிக்கையும் தொடாதீர்கள்.

கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பல் கிளினிக்கையும் தேட வேண்டாம். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாஃபியோடு கேப் கழன்று வந்துவிட்டது. ஒட்டிக்கொள்ளலாமா?

சூப்பர் பசையைத் தொடாதீர்கள். கேப்பைக் கழுவி ஒரு டப்பியில் பத்திரப்படுத்துங்கள், அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம், முதல் வேலையாக மருத்துவரிடம் கொண்டு போங்கள். பல நேரம் அதையே திரும்ப ஒட்டித் தந்துவிடுவார்கள்.

புகைப்படத்துக்காக எலுமிச்சை, கரித்தூள் தேய்த்து வெள்ளையாக்கலாமா?

கூடாது. எலுமிச்சை கரைக்கும், கரி தேய்க்கும். எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் நிறம்தான் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பண்டிகைக்கு முன்பு மருத்துவரைப் பார்ப்பதா, பின்பா?

முன்பு. இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே போனால், தற்காலிக ஃபில்லிங்கோ ஆடும் கேப்போ இருந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் விருந்துக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் சில நாட்கள் ஸ்ட்ரா, புகை, மொறுமொறுப்பான பண்டம் மூன்றும் கூடாது, குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் வலி தாங்க முடியாது.

பண்டிகை முடிந்த பிறகு அவசரம் ஏதும் இல்லை. ஒரு வாரத் தீனியால் புதிதாகக் குழி விழுந்துவிடாது, அதற்குப் பெரும்பாலும் மாதங்கள் ஆகும். பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு மங்கல் புள்ளி மட்டும் தெரிந்தால் அது குழிக்கு முந்தைய கட்டம், ஃப்ளோரைடாலும் உணவு நேரத்தைச் சீராக்குவதாலும் அங்கேயே நிறுத்த முடியும். குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசினால் கூச்சத்துக்கான பற்பசையைச் சில வாரம் தினமும் பயன்படுத்திப் பாருங்கள். சூடு பட்டு வலி கிளம்பி நெடுநேரம் நின்றாலோ, இரவில் தானாகவே எழுப்பினாலோ, அது கூச்சமல்ல. அந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.